'பிளாக் பியூட்டி' எழுதிய அன்னா சூவெல்: பத்து வயதுப் பெண்ணுக்கு இந்தப் புத்தகம் சரிப்படுமா?

செம்பூர் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகளுக்குப் புத்தகம் தேடித் தேடி வாங்கிக் கொடுப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். என் பெண்ணுக்குப் பத்து வயது. லீவில் படிக்கச் சொல்லிப் பள்ளியில் கொடுத்த பட்டியலில் 'பிளாக் பியூட்டி' இருந்தது, ஒரு குதிரை தன் கதையைத் தானே சொல்கிற மாதிரி எழுதிய பழைய ஆங்கிலப் புத்தகம். நான் தமிழ் மீடியத்தில் படித்தவள், சின்ன வயதில் இதெல்லாம் என் கைக்கு வரவில்லை. அதனால் ராத்திரி சாப்பாடு ஆனதும் அவள் சத்தமாக வாசிக்க, நானும் கூடவே உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வருகிறேன். ஆரம்பத்தில் புல்வெளி, அம்மாக் குதிரை, நல்ல எஜமான் என்று சுகமாகத்தான் போனது. போகப் போக அடியும் காயமும் கைமாறி விற்பதுமாக ஆகிவிட்டது.

நேற்று, பியூட்டியின் சிநேகிதிக் குதிரை ஜிஞ்சர் சாகிற இடம் வந்தது. படித்தவர்களுக்கு நினைவிருக்கும், ஒரு காலத்தில் இரண்டும் ஒரே லாயத்தில் நின்றவை, ஒரே வண்டியில் ஜோடியாகப் பூட்டப்பட்டவை. கடைசியில் இரண்டுமே லண்டனில் வாடகை வண்டி இழுக்கின்றன. ஒருநாள் செத்த குதிரை ஒன்றை வண்டியில் போட்டுக் கொண்டுபோகிறார்கள், தலை வெளியே தொங்குகிறது, நெற்றியில் வெள்ளைக் கோடு. அது ஜிஞ்சர்தான் என்று பியூட்டி நினைக்கிறது. நினைப்பதோடு நிற்காமல், அதுவாகவே இருக்கட்டும் என்று விரும்புகிறது. என் பெண் புத்தகத்தை மூடிவிட்டாள். "சிநேகிதி செத்திருக்கணும்னு யாராவது ஆசைப்படுவாங்களா அம்மா?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

இந்தப் புத்தகம் உண்மையிலேயே குழந்தைகளுக்காக எழுதியதுதானா? அன்னா சூவெல் என்கிற இந்த அம்மாள் யார், வேறு என்ன எழுதியிருக்கிறார்? இவ்வளவு வலியை எங்கிருந்து எடுத்தார்? மேற்கொண்டு படிக்க விடலாமா, கொஞ்ச நாள் தள்ளிவைக்கலாமா? படித்தவர்கள் சொல்லுங்கள்.


மாட்டுங்கா வாசகி:

நிறுத்தாதீர்கள். இங்கே மும்பையில் ஆங்கில டீச்சராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான், இந்தப் புத்தகத்தை வகுப்பில் வாசித்துக் காட்டியிருக்கிறேன், அந்த அத்தியாயத்தில் அழாத வகுப்பே கிடையாது. அழுத பிள்ளைகள்தான் அடுத்த நாள் முதல் ஆளாக வந்து மீதியைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள்.

உங்கள் பெண்ணின் கேள்விக்குப் பதில் அதே அத்தியாயத்தில், ஒரு பக்கம் முன்னாலேயே இருக்கிறது, திரும்ப எடுத்துப் பாருங்கள். வண்டிகள் வரிசையாக நிற்கிற இடத்தில் பியூட்டியும் ஜிஞ்சரும் தற்செயலாகச் சந்திக்கின்றன. ஜிஞ்சரை அடையாளமே தெரியவில்லை, எலும்பும் தோலுமாக, இருமிக்கொண்டு நிற்கிறது. மூச்சு ஏற்கெனவே கெட்டுவிட்டது, இனி சாகும்வரை இழுக்க வேண்டியதுதான் என்று இருக்கிறது. அப்போது ஜிஞ்சரே சொல்கிறது, எனக்குச் சாவு வந்தால் போதும், செத்த குதிரைகளைப் பார்த்திருக்கிறேன், அவற்றுக்கு வலி இல்லை என்று. அதைக் கேட்ட பிறகுதான் பியூட்டி அப்படி விரும்புகிறது. வலி தீராத ஒருவர் மேல் வைத்த பாசம் அது, குழந்தைக்கு நிதானமாகச் சொன்னால் புரியும்.

இனி அந்த அம்மாளைப் பற்றி. அன்னா சூவெல் எழுதியது இந்த ஒரு புத்தகம்தான். 1820 மார்ச் 30 அன்று இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கிரேட் யார்மத் என்ற ஊரில் பிறந்தார். குவேக்கர் குடும்பம். அதாவது ஆடம்பரம் கூடாது, எந்த உயிரையும் வதைக்கக் கூடாது என்று கட்டுப்பாடாக வாழ்ந்த கிறிஸ்தவப் பிரிவு. அப்பா ஐசக்குக்கு வியாபாரம் கைகொடுக்கவில்லை, கடை நொடித்து ஊர் ஊராக மாறினார்கள். அம்மா மேரிதான் அன்னாவுக்கும் தம்பி ஃபிலிப்புக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கக் காசு வேண்டும் என்று அந்த அம்மாவே ஒரு சின்னப் புத்தகம் எழுதி விற்றார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிற்பாடு மேரி சூவெல் எளிய மக்களுக்கான கதைப்பாட்டுகள் எழுதிப் பெரிய பெயர் வாங்கினார், அவருடைய ஒரு பாட்டுப் புத்தகம் மட்டும் பத்து லட்சம் பிரதிக்கு மேல் போனது. அம்மா எழுதியதை முதலில் படித்துத் திருத்துவது அன்னாதான். தன் பெயரில் ஒரு வரி வருவதற்குள் அவருக்கு ஐம்பத்தேழு வயது ஆகிவிட்டது.

வலி எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களே. பதினான்கு வயதில், மழை நாளில், பள்ளியிலிருந்து ஓடி வரும்போது வீட்டு வாசலுக்குக் கிட்டே வழுக்கி விழுந்தார். இரண்டு கணுக்காலிலும் அடி. அந்தக் காலத்து வைத்தியம் சரியில்லாததால்தான் கால் கெட்டது என்று சொல்வார்கள். எப்படியோ, அதற்கப்புறம் ஆயுள் முழுக்க அவரால் ஊன்றுகோல் இல்லாமல் அதிக நேரம் நிற்கவோ நடக்கவோ முடியவில்லை. வெளியே போக வேண்டுமென்றால் குதிரை வண்டிதான். லான்சிங் என்ற ஊரில் இருந்தபோது அப்பாவை ரயில் நிலையத்தில் விடுவதும் அழைத்து வருவதும் அன்னா, தானே வண்டி ஓட்டிக்கொண்டு. அவர் வண்டியில் கூடப் போன ஒரு குடும்பத் தோழி எழுதி வைத்திருக்கிறார்: கடிவாள வாரைச் சும்மா கையில் பிடித்திருப்பாராம், இழுக்கவே மாட்டாராம், எல்லாம் பேச்சுதான், கொஞ்சம் வேகமாகப் போனால் நல்லது, ரயிலுக்குத் தாமதமானால் உனக்கும் வருத்தமாக இருக்கும் இல்லையா என்று ஒரு மனுஷியிடம் பேசுவது போலக் குதிரையிடம் பேசிக்கொண்டே போவாராம். எனக்கு இந்தப் புத்தகம் முழுவதற்கும் திறவுகோல் அந்த ஒரு காட்சிதான்.

1871-இல் நாட்குறிப்பில் எழுதுகிறார், ஒரு குதிரையின் வாழ்க்கையை எழுதிக்கொண்டிருக்கிறேன், கிறிஸ்துமஸுக்குப் பொம்மைகளும் பெட்டிகளும் தயார் செய்கிறேன் என்று, இரண்டையும் ஒரே மூச்சில். அப்போது நாரிச் நகரத்துக்குப் பக்கத்தில் ஓல்ட் காட்டன் கிராமத்தில் இருந்தார்கள். உடம்பு மிகவும் மோசமாகிவிட்டது, பெரும்பாலும் சாய்வுப் படுக்கைதான். முடிந்த நாளில் துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதுவார், முடியாத நாளில் சொல்லச் சொல்ல அம்மா எழுதிக்கொள்வார், அப்புறம் அம்மாவே உட்கார்ந்து சுத்தப் பிரதி எடுப்பார். எழுபது வயது தாண்டிய அம்மா! இப்படியே ஆறு வருஷம். நாரிச்சில் இருந்த ஜரோல்ட் பதிப்பகம் மொத்தமாக ஒரு சின்னத் தொகை கொடுத்து வாங்கி 1877 நவம்பர் 24 அன்று வெளியிட்டது. 1878 ஏப்ரலில் அன்னா இறந்துவிட்டார். புத்தகம் நன்றாகப் போகிறது என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு மட்டும் இருந்தார்.

குழந்தைகளுக்காக எழுதினாரா என்றால், இல்லை. குதிரைகள் மேல் அன்பும் இரக்கமும், அவற்றைப் புரிந்து நடத்துகிற அறிவும் வரவேண்டும், அதுதான் தன் நோக்கம் என்று அவரே எழுதியிருக்கிறார். லாயக்காரர்கள், வண்டிக்காரர்கள், குதிரையைப் பராமரிக்கிற பையன்கள், அவர்கள்தான் அவர் மனதில் இருந்த வாசகர்கள். அவர்களுக்குப் புரிய வேண்டும் என்று சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினார். அதனாலேயே குழந்தைகள் கைக்குப் போனது.


டோம்பிவிலி ரயில்:

டீச்சர் சொன்ன வாழ்க்கைக் கதை அருமை, பாதி எனக்குத் தெரியாது. ஆனால் புத்தகத்தைப் பற்றி எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

நான் பெரியவனான பிறகுதான் படித்தேன். எனக்குத் தொந்தரவாக இருந்தது அந்த உபதேசம். குடிக்காதே, ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓட்டாதே, பொய் சொல்லாதே என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் யாராவது ஒருவர் நின்று பேசுகிறார். அதைக்கூட விக்டோரியா காலத்துப் பழக்கம் என்று விட்டுவிடலாம். எனக்கு உண்மையில் உறுத்துவது வேறு. பியூட்டிக்கு அதன் அம்மா முதல் அத்தியாயத்திலேயே சொல்லிக் கொடுக்கிறது, நல்லபடி வேலை செய், கடிக்காதே, உதைக்காதே என்று. பியூட்டி கடைசிவரை அப்படியே நடந்து, கடைசியில் நல்ல வீட்டில் போய்ச் சேருகிறது. ஜிஞ்சர் எதிர்த்தது. தலையைத் தூக்கிக் கட்டியபோது பொறுக்காமல் உதைத்தது. அது தெருவில் செத்தது. பத்து வயதுப் பெண் குழந்தைக்கு இதிலிருந்து என்ன போய்ச் சேரும்? அடங்கிப் போனால் பிழைப்பாய், எதிர்த்தால் அழிவாய் என்றுதானே? அதைவிட, புத்தகம் முழுக்க எந்தக் குதிரைக்கும் விடுதலை என்பதே கிடையாது, நல்ல எஜமான் கிடைப்பதுதான் அதிகபட்ச அதிர்ஷ்டம். நான் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை, என் தங்கை பெண்ணுக்குக் கொடுக்கும் முன் இதை யோசித்தேன், இன்னும் கொடுக்கவில்லை.


கோலிவாடா தம்பி:

டோம்பிவிலி அண்ணா, நீங்கள் சொல்வதில் பாதி சரி. ஆனால் பியூட்டி அடங்கிப் போனதால் பிழைத்தது என்று எனக்குத் தோன்றவில்லை. ரூபன் ஸ்மித் என்ற வண்டிக்காரன் குடித்துவிட்டு, லாடம் ஆடுகிறது என்று சொன்னதையும் கேட்காமல், கல்லு ரோட்டில் ராத்திரி விரட்டுகிறான். லாடம் கழன்று குளம்பு பிளந்து பியூட்டி குப்புற விழுகிறது. அவன் செத்துப்போகிறான், குதிரைக்கு இரண்டு முழங்காலும் போய்விடுகிறது. அதில் பியூட்டியின் தப்பு என்ன இருக்கிறது? ஆனால் முழங்காலில் தழும்பு விழுந்த குதிரையைப் பெரிய வீட்டு வண்டியில் பூட்ட மாட்டார்கள், விலை இறங்கிவிடும். அங்கிருந்துதான் ஒவ்வொரு படியாகக் கீழே போகிறது, வாடகை லாயம், சந்தை, லண்டன் வண்டி, மூட்டை வண்டி என்று. நல்லபடி நடந்த குதிரைக்கும் அதேதான், எதிர்த்த குதிரைக்கும் அதேதான். கடைசியில், முன்பு லாயத்தில் வேலை பார்த்த பையன் ஜோ கிரீன் கண்ணில் பட்டது வெறும் அதிர்ஷ்டம். அந்த அம்மாள் அதை மறைக்கவே இல்லை.

நான் இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. எங்கப்பா இந்த ஊரில் கருப்பு-மஞ்சள் டாக்சி ஓட்டினவர், சொந்த வண்டி இல்லை, சேட்டுக்குத் தினவாடகை கட்டி ஓட்டினது. காலையில் வண்டியை எடுக்கும்போதே அன்றைக்கு அவ்வளவு கடன். மத்தியானம் வரை ஓடுவது முழுக்க சேட்டுக்கும் பெட்ரோலுக்கும், அதற்கு மேல் வந்தால்தான் எங்கள் வீட்டுக்கு. மழையில் ஊர் முங்கி நின்ற நாளுக்கும் வாடகை கட்டணும். காய்ச்சலோடு வண்டி எடுத்த நாள் உண்டு. எனக்கு நன்றாக நினைவிருப்பது அவர் ராத்திரி வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து நோட்டையெல்லாம் இரண்டு அடுக்காகப் பிரிப்பது. முதலில் சேட்டு அடுக்கு, அதை ரப்பர் பேண்ட் போட்டு ஓரமாக வைப்பார். எங்கள் அடுக்கை எண்ணவே மாட்டார், பார்த்தாலே தெரியும்.

காலேஜில் இந்தப் புத்தகம் படித்தபோது 39-ஆவது அத்தியாயத்தில் சீடி சாம் என்ற லண்டன் வாடகை வண்டிக்காரன் வந்தான், நான் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். குதிரையை இப்படி அடித்து ஓட்டுகிறாயே என்று ஒருத்தர் கண்டிக்கிறார். சாம் கணக்குச் சொல்கிறான். வண்டிக்கும் இரண்டு குதிரைக்கும் ஒரு நாள் வாடகை பதினெட்டு ஷில்லிங். குதிரைக்கு ஒன்பது ஷில்லிங் என்று சம்பாதித்த பிறகுதான் முதல் காசு எனக்கு. எனக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள், குதிரை ஓடாவிட்டால் நாங்கள் பட்டினி, சொந்தக் குதிரை வைத்திருப்பவன் நல்லவனாக இருக்கலாம், எனக்கு அந்த வசதி இல்லை என்கிறான். கொஞ்ச நாளில் அவன் வண்டியை வேறு ஆள் ஓட்டிக்கொண்டு வருகிறான். சாம் காய்ச்சலில் படுத்துச் செத்துப்போனான், எனக்கு ஒரு ஞாயிறுகூட ஓய்வு கிடைக்கவில்லையே என்பதுதான் கடைசிப் பேச்சு. அண்ணா, நீங்கள் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை உபதேசத்தை இதோடு சேர்த்துப் படியுங்கள். லண்டனில் பியூட்டியை ஓட்டுகிற ஜெரி பார்க்கர் ஞாயிறு ஓட்டமாட்டேன் என்று ஆறு நாள் லைசன்ஸ் மட்டும் வைத்திருப்பது கோயில் குளத்துக்காக மட்டும் இல்லை. ஒரு நாள் ஓய்வு வேண்டும், குதிரைக்கும் வேண்டும், பிள்ளைகள் முகம் பார்க்க வேண்டும் என்பதற்காகவும்தான்.

நடக்க முடியாமல், பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே கிடந்த ஒரு பெண்ணுக்கு இந்த வாடகைக் கணக்கு எப்படித் தெரிந்தது என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். வண்டிக்காரர்களிடம் உட்கார்ந்து கேட்டிருந்தால் ஒழிய இப்படி எழுத வராது. அடிக்கிறவன் கெட்டவன் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அவனுக்கு மேலே உட்கார்ந்து வாடகை வாங்குகிறவன் யார் என்று கேட்டார். ஸ்கின்னர் என்று அவனுக்குப் பெயரும் கொடுத்தார்.


கால்நடை முலுண்ட்:

தம்பி எழுதினதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கால்நடை மருத்துவர், இப்போது பெரும்பாலும் நாய் பூனைதான், ஆனால் ஆரம்பத்தில் இந்த ஊரில் விக்டோரியா என்று சொல்கிற சவாரி வண்டிகளின் குதிரைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வைத்தியம் தெரிந்தவளாகச் சொல்கிறேன், இந்தப் புத்தகத்தில் குதிரையின் உடம்பைப் பற்றி எழுதியிருப்பது கவனமான எழுத்து.

செம்பூர் அக்கா, உங்கள் பெண்ணுக்கு அந்த பேரிங் ரெயின் என்றால் என்ன என்று விளங்கியதா தெரியவில்லை. ஜிஞ்சர் கெட்டதற்கு மூலம் அதுதான். வாயில் இருக்கிற இரும்பிலிருந்து ஒரு வார் கிளம்பிக் கன்னத்தோரமாக மேலே போய், முதுகில் இருக்கிற சேணத்துக் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். வாரைக் குறுக்கினால் குதிரை தலையை இறக்கவே முடியாது. எதற்காக? கழுத்து வளைந்து நின்றால் பார்க்க ஜம்பமாக இருக்கும், பணக்கார வீட்டு வண்டிக்கு அது அழகு, அவ்வளவுதான். ஆனால் குதிரை பாரம் இழுப்பது தலையை முன்னால் நீட்டி, தாழ்த்தி, தோள் எடையைக் கழுத்துப் பட்டையில் போட்டுத்தான். மேட்டில் ஏறும்போது கட்டாயம் தலை தாழ வேண்டும். அதைத் தடுத்தால் முழு இழுப்பும் முதுகிலும் பின்னங்காலிலும் விழும், மூச்சுக்குழாய் மடங்கும், வாயோரம் கிழியும். புத்தகத்தில் அந்தச் சீமாட்டி ஒவ்வொரு நாளும் இன்னும் ஒரு துளை, இன்னும் ஒரு துளை என்று இறுக்கச் சொல்வாள் பாருங்கள், அது நடந்த விஷயம். அன்னா எழுதிக்கொண்டிருந்த அதே 1870-களில் எட்வர்ட் ஃப்ளவர் என்ற பெரியவர் இந்த வாருக்கு எதிராகவே தனியாகப் புத்தகம் போட்டு இயக்கம் நடத்திக்கொண்டிருந்தார். அன்னாவின் சவ ஊர்வலத்துக்கு வந்த வண்டிக் குதிரைகளுக்கு இந்த வார் மாட்டியிருந்ததை ஜன்னலிலிருந்து பார்த்து, எல்லாவற்றையும் கழற்றினால்தான் ஆயிற்று என்று அவர் அம்மா நின்றதாகச் சொல்வார்கள்.

இன்னொன்று, சர் ஆலிவர் என்று ஒரு கிழட்டுக் குதிரை வருமே, வாலை வெட்டின கதையைச் சொல்லும். சதையும் எலும்பும் சேர்த்து வெட்டுவது, அதுவும் அழகுக்காக. வால் இல்லாத குதிரை ஈ ஓட்ட முடியாமல் ஆயுளுக்கும் தவிக்கும். இங்கிலாந்தில் அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது 1949-இல். புத்தகம் வந்து எழுபது வருஷத்துக்கு மேல்!

புத்தகம் வந்ததும் எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் அது போன இடங்கள் சாதாரணம் இல்லை. 1890-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஏஞ்சல் என்ற மிருகவதைத் தடுப்புக்காரர் குடும்பத்துக்கு ஒரு காசும் கொடுக்காமல் சொந்தமாக அச்சடித்து, வண்டிக்காரர்களுக்கும் லாயக்காரர்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். டீச்சர் சொன்னாரே, அன்னா மனதில் இருந்த வாசகர்கள் என்று, அவர்கள் கைக்கு அப்படித்தான் பெரிய அளவில் போனது. காசு கொடுக்காதது தப்புதான், ஆனாலும் அன்னா இருந்திருந்தால் இதற்குச் சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். பம்பாயில் டிராம் ஓடத் தொடங்கியது 1874-இல், குதிரை இழுத்த டிராம். பரேலில் இன்றும் இருக்கிற பாய் சக்கர்பாய் மிருக ஆஸ்பத்திரி 1883-இல் வந்தது. எல்லாம் அந்தப் புத்தகத்தின் காலம். கேட்வேயிலும் மரைன் டிரைவிலும் சவாரிக்கு நின்ற வெள்ளித் தகடு போட்ட கோடாகாடிகளை, அதாவது அந்த விக்டோரியா வண்டிகளை, உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அலங்காரத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், நான் குளம்பைப் பார்ப்பேன். சூடான தார் ரோட்டிலும் சிமென்டிலும் நாள் பூரா நின்று குளம்பு சிதைந்திருக்கும், சேணப் பட்டைக்கு அடியில் புண் இருக்கும், தபேலாவில், அதாவது லாயத்தில், படுக்க இடம் இருக்காது. முள் வைத்த கடிவாளம் நம் நாட்டில் 1965 விதிகளிலேயே தடை, ஆனாலும் ஊர்ப்பக்கம் அதை மாட்டினதைப் பார்த்திருக்கிறேன். 2015 ஜூனில் மும்பை உயர் நீதிமன்றம் சவாரி விக்டோரியாக்கள் சட்டத்துக்குப் புறம்பானவை, ஒரு வருஷத்தில் நிறுத்த வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. எனக்கு அது சரியான தீர்ப்பு. ஆனால் தம்பி, சாமைப் பற்றி நீ எழுதினது அன்றைக்கு என் மனதில் இருந்தது. நான் புண்ணுக்கு மருந்து போட்ட குதிரையின் வண்டிக்காரரும் வாடகைக்கு ஓட்டினவர்தான், என்னிடம் மருந்து வாங்கக் காசில்லாமல் நின்றவர். குதிரைக்கு விடுதலை, அவருக்கு மாற்றுவழி, இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மின்சாரத்தில் ஓடுகிற விக்டோரியா 2021-இல் வந்தது, எத்தனை பழைய வண்டிக்காரர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் நான் கேட்பேன்.


டோம்பிவிலி ரயில்:

தம்பி, சாம் அத்தியாயத்தை இப்போதுதான் திரும்பப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை விஷயத்தில் நீ சொல்வதை ஏற்கிறேன். உபதேசம் அதிகம் என்பதில் நான் மாறவில்லை, விடுதலை இல்லை என்பதிலும் மாறவில்லை. ஆனால் ஒரு இடம் எனக்கும் பிடித்தது, அதையும் சொல்வதுதான் நியாயம். ராத்திரி வைத்தியரைக் கூட்டிவரப் பாய்ந்தோடி வேர்த்து நிற்கிற பியூட்டிக்கு ஜோ என்ற பையன் பச்சைத் தண்ணீர் கொடுத்து, போர்வை போர்த்தாமல் விட்டுவிடுகிறான், குதிரை சாகப் பிழைக்கிறது. தெரியாமல்தானே செய்தான் என்று ஒருத்தர் பரிந்து பேச, லாயக்காரர் ஜான் கொதித்துப்போகிறார். கெட்ட எண்ணத்துக்கு அடுத்தபடியாக உலகத்தில் மோசமானது தெரியாமைதான், எதனால் அதிகத் தீமை வருகிறது என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம் என்கிறார். அந்தப் பையன்தான் பிற்பாடு வளர்ந்து, கடைசி வீட்டில் பியூட்டியை அடையாளம் கண்டு பார்த்துக்கொள்கிறான். இதைக் குழந்தையிடம் பேசலாம், பேசவேண்டும்.


செம்பூர் அம்மா:

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொரு பதிலையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். டீச்சர் சொன்ன பக்கத்தைத் திருப்பிப் படித்தோம். "அதுவே கேட்டுச்சா, அப்ப சரி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அதைக் கேக்கிற மாதிரி வச்சவங்க மேல எனக்குக் கோவம்" என்றாள். டோம்பிவிலி சார், உங்கள் கவலைக்கு அவள் பதில் இது என்று நினைக்கிறேன், எதிர்த்தது தப்பு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

போன ஞாயிறு மாதேரான் போயிருந்தோம். அங்கே மோட்டார் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள், தஸ்தூரியில் இறங்கினதும் குதிரைகள் வரிசையாக நிற்கும். இவள் ஏறமாட்டேன் என்றுவிட்டாள், நடந்தே போனோம். வழியில் ஒரு குதிரைக்காரர் சவாரியை இறக்கிவிட்டு, குதிரையின் முன்னங்காலைத் தூக்கித் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, வளைந்த கம்பியால் குளம்புக்குள்ளே நோண்டிக்கொண்டிருந்தார். லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவில் சிக்கியிருந்த கூழாங்கல் ஒன்று தெறித்து விழுந்தது. புத்தகத்தில் அதே மாதிரி ஒரு கல் வருகிறது இல்லையா, ஓட்டுகிறவன் குதிரை நொண்டுகிறது என்று திட்டிக்கொண்டே ஓட்டுவான், வழியில் வந்த விவசாயி எடுத்துவிடுவார். இவள் ஓடிப்போய் அவரிடம் ஹிந்தியில், நொண்டினதும் உடனே பார்த்தீர்களா என்று கேட்டாள். அவர் கொஞ்சம் ஆச்சரியப்பட்டு, நொண்டுவதற்கு முன்னாலேயே தெரியும், நடையில் சத்தம் மாறும் என்று சொல்லி, அவள் கையைப் பிடித்துக் குளம்பின் நடுவில் இருக்கிற மெத்தென்ற பகுதியைத் தொட்டுக் காட்டினார். குதிரை சொந்தமா வாடகையா என்றும் கேட்டுவிட்டாள். சொந்தமாம். தம்பி, அது உங்களால் வந்த கேள்வி.

ஒரு சந்தேகம். எங்கள் புத்தகத்தில் சீடி சாம் இல்லவே இல்லை. ஜெரி பார்க்கர் வருகிறார், ஜிஞ்சர் சாகிறது, நடுவில் அந்த அத்தியாயமே காணோம். வேறு புத்தகம் வாங்கவேண்டுமா?


மாட்டுங்கா வாசகி:

உங்களிடம் இருப்பது சுருக்கிய பதிப்பு. குழந்தைகளுக்கு என்று போடுகிறவர்கள் முதலில் கத்தரிப்பது சாம், தேர்தல், ஞாயிற்றுக்கிழமை அத்தியாயங்களைத்தான். கதை ஓட்டத்துக்கு வேண்டாம் என்று நினைக்கிறார்கள் போல, எனக்கு அது பெரிய வருத்தம், அன்னா சூவெல் யாருக்காக எழுதினாரோ அவர்களைப் பற்றிய பகுதியே போய்விடுகிறது. முழுப் புத்தகம் நான்கு பாகம், 49 அத்தியாயம். கடையில் வாங்கும்போது பொருளடக்கத்தைத் திறந்து அந்த 49 இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வாங்கத்தான் வேண்டும் என்றும் இல்லை, காப்புரிமை முடிந்து எத்தனையோ காலமாகிவிட்டது, புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் முழுதும் இலவசமாக இருக்கிறது. இருந்தாலும் பத்து வயதுக்கு அச்சுப் புத்தகம்தான் நல்லது. கிங் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், கிடைக்காவிட்டால் எனக்குத் தனியாக எழுதுங்கள், என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது, ஒன்றைத் தருகிறேன்.


கோலிவாடா தம்பி:

அக்கா, டீச்சர் பிரதி கையில் வரும்வரை 39-ஐ மட்டும் நெட்டில் எடுத்துப் படித்துக் காட்டுங்கள், ரொம்பச் சின்ன அத்தியாயம்தான். அதைப் படிக்கும் முன்னால் ஷில்லிங் கணக்கைப் பாப்பாவுக்குச் சொல்லிவிடுங்கள், பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுன். அப்போதுதான் பதினெட்டு ஷில்லிங் எவ்வளவு பெரிய தொகை என்று அவளுக்கே தெரியும்.